ஆங்கிலப் பரீக்ஷையும் திரும்பாத பணமும்

1896-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 29-ந் தேதி மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன், தண்டனையாகத் தனக்கு விதிக்கப்பட்ட ஆங்கில இலக்கணப் பாடத்தை மும்முறை எழுதும் வேலையில் அமர்ந்திருந்தான். பெயின் என்ற வெள்ளைக்காரர் இயற்றிய இலக்கணம் அது. இருமுறை எழுதி முடித்தவன் மூன்றாம் முறை எழுதாமல் எழுந்துவிட்டான். தமையனார் தமது காலேஜ் சம்பளத்தைக் கட்டிவிடும்படி ஐந்து ரூபாய் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பையன் மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டான். பாக்கி இரண்டு ரூபாயையும், சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்ற குறிப்பையும் வைத்துவிட்டு ரயிலேறினான். திண்டிவனத்துக்கு டிக்கெட் இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. செப்டம்பர் முதல் தேதி அவன் வந்து சேர்ந்த ஊர் திருவண்ணாமலை. பின்னாளில் உலகம் அவரை ரமண மஹரிஷி என்று அறிந்தது.

ஆங்கில இலக்கணத்தையும் பள்ளிப் படிப்பையும் ஒருசேரத் துறந்தவர் வந்தடைந்த ஊர் என்பதால் இக்கதையை நினைவூட்டினோம். இன்று அதே ஊரிலிருந்து புறப்படும் இளைஞர்களின் வழி வேறு. ஆங்கிலம் அறிவோம் என்று அந்நிய நாட்டாருக்கு மெய்ப்பிக்கும் பொருட்டு அவர்கள் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் செல்கிறார்கள். அவர்கள் கையில் கொண்டுபோவது மூன்று ரூபாய் அன்று; ஏறத்தாழப் பதினெட்டாயிரம் ரூபாய். அப்பணம் எவ்விதம் வாங்கப்படுகிறது, போகமுடியாமற் போனால் எவ்வளவு திரும்புகிறது, திரும்பாததற்கு என்ன நியாயம் கூறப்படுகிறது என்பதே இன்று நாம் ஆராயப் புகும் விஷயம். சில்லறை விஷயம் என்று நமது நண்பர்களிற் சிலர் நினைக்கக்கூடும். ஜில்லாவின் கிராமங்களில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள்.

முதலில் பரீக்ஷைகள் எவை என்று பார்ப்போம். ஐ.இ.எல்.டி.எஸ். என்று வழங்குவது 1989-ல் தோன்றியது. நமது திருவண்ணாமலை ஜில்லா வட ஆர்க்காட்டிலிருந்து பிரிக்கப்பட்டதும் அதே வருஷந்தான். இப்பரீக்ஷைக்குச் சொந்தக்காரர் மூவர்: பிரிட்டிஷ் கவுன்சில், ஆஸ்திரேலியாவின் ஐ.டி.பி. கம்பெனி, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் அச்சக-பரீக்ஷைப் பகுதி. டோஃபல் என்பது அமெரிக்காவில் பிரின்ஸ்டனைச் சேர்ந்த ஈ.டி.எஸ். ஸ்தாபனத்தினுடையது, 1964 முதல் நடந்து வருவது. பி.டி.இ. என்பதை லண்டன் பியர்ஸன் கம்பெனி 2009-ல் ஆரம்பித்தது. வைத்தியர்களுக்கும் நர்ஸுகளுக்குமென்று ஓ.இ.டி. என ஒன்று தனியே உண்டு; அதன் கட்டணம் ஆஸ்திரேலிய டாலரில் 587 என்று விளம்பரப்படுத்தப்பட்டு வந்தது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுதத்தக்க டுவோலிங்கோ பரீக்ஷை இவற்றிற் பாதி விலைக்கும் குறைவு; ஆனால் எல்லா நாட்டு விசா அதிகாரிகளும் அதை ஏற்பதில்லை.

ஐ.இ.எல்.டி.எஸ். கட்டணம் இந்தியாவில் 2023-ல் 16,250 ரூபாயாக இருந்தது, 2024-ல் 17,000, 2025-ல் 18,000. பி.டி.இ.யும் அதன் காலடியை ஒட்டியே நடக்கிறது. டோஃபலுக்கு 2024-ல் 16,900. போட்டிக் கம்பெனிகள் என்று பெயர். விலையில் மட்டும் அண்ணன் தம்பிகளாக ஒற்றுமை. பரீக்ஷையில் தேறினாலும் அந்தத் தேர்ச்சி இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும். இரண்டு வருஷம் கழிந்ததும் நமது பட்டதாரி ஆங்கிலத்தை மறந்துவிட்டதாகக் கருதி மறுபடியும் கட்டணம் கேட்பார்கள்.

இத்தொகை எத்தகையது என்பதை அளக்க நமது ஜில்லாவிலேயே ஓர் அளவுகோல் உண்டு. 2025-26-ம் வருஷத்தில் நூறுநாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். பதினெட்டாயிரம் ரூபாயைச் சேர்க்க ஐம்பத்துமூன்று நாள் மண் வெட்டியும் போதாது. ஐம்பத்துநான்காம் நாளும் வெட்டவேண்டும். ஆரணியில் பட்டுத் தறி நெய்யும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மூத்த பெண் நர்ஸ் படிப்பு முடித்திருக்கிறாள். இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு பெற ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் கேட்டல், படித்தல், பேசுதல் ஆகியவற்றில் ஏழும், எழுதுவதில் ஆறரையும் வேண்டும் என்பது அந்நாட்டு நர்ஸ் கவுன்சிலின் விதி. எழுதுவதில் ஆறே கிடைத்தால் போயிற்று. மறுபடியும் பணம். ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம் என்று 2023-ல் இந்தியாவில் ஒரு சலுகை வந்தது உண்மையே. ஆனால் முதற் பரீக்ஷையிலிருந்து அறுபது நாளுக்குள் எழுதவேண்டும். அதற்கும் தனிக் கட்டணம். அம்மதிப்பெண்ணை ஏற்பதா இல்லையா என்பது அந்தந்த நாட்டார் இஷ்டம். கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போவது முதல் தடவையிலா, இரண்டாம் தடவையிலா என்பதே இக்குடும்பங்களில் நடக்கும் ஆலோசனை.

நிற்க. கட்டணம் அதிகம் என்பதோடு முறையீடு முடிந்தால் நாம் இவ்வளவு எழுதப் புகுந்திரோம். விலை கேட்பவன் கேட்கலாம். கொடுப்பவன் மறுக்கலாம் என்று சொல்வோர் உண்டு. கொடுத்த பின் நிகழ்வதுதான் பெரிய அக்கிரமம்.

ஐ.இ.எல்.டி.எஸ். பரீக்ஷையின் நெடுங்கால நிபந்தனை இது: பரீக்ஷை நாளுக்கு ஐந்து வாரத்துக்கு முன்பே வரமுடியாதென்று தெரிவித்தால், கட்டணத்தில் கால் பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். பதினெட்டாயிரத்தில் கால் பங்கு 4,500 ரூபாய். அதாவது மேற்சொன்ன கூலியில் பதின்மூன்று நாளுக்கு மேல். ஐந்து வாரத்துக்குள் தெரிவித்தால் ஒரு காசும் கிடையாது. கடும் நோய், நெருங்கிய உறவினர் மரணம், பெருந்துன்பம், ராணுவ சேவை ஆகிய காரணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதற்கும் பரீக்ஷை நாள் கழிந்து ஐந்து நாளுக்குள் தக்க சான்று அனுப்பவேண்டும். தகப்பனைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டு வந்தவன், பத்தாம் நாள் காரியத்துக்கு முன்பே மரணச் சான்றிதழ் பெற்று, அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பியாக வேண்டும்.

பியர்ஸன் கம்பெனியின் விதி சற்று மனிதத்தன்மை உடையது என்று ஒப்புக்கொள்வோம். பதினான்கு நாளுக்கு முன் ரத்து செய்தால் முழுப் பணமும் வரும், பதினான்குக்கும் ஏழுக்கும் இடைப்பட்ட நாட்களில் பாதி, பிறகு ஒன்றுமில்லை. டோஃபலில் நான்கு நாளுக்கு முன் வரை ரத்து செய்யலாம் என்றாலும் எப்பொழுது செய்தாலும் பாதிதான் திரும்பும் என்பது 2024 வரை நாம் கண்ட விதி. மூன்று மாதத்துக்கு முன் சொன்னவனுக்கும் பாதி. நான்கு நாளுக்கு முன் சொன்னவனுக்கும் பாதி. முன்கூட்டித் தெரிவிக்கும் நல்லொழுக்கத்துக்கு இங்கே மதிப்பே இல்லை.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஒரே வேலையைச் செய்யும் மூன்று கம்பெனிகள் மூன்று விதமாக விதி வகுத்திருக்கின்றன. ஒருவருக்குப் பதினான்கு நாள் போதுமென்றால் இன்னொருவருக்கு ஐந்து வாரம் ஏன்? காலியான இடத்தை வேறொருவருக்கு விற்க ஐந்து வாரம் தேவையாம். இது காகிதத்தில் வினாத்தாள் அச்சிட்டுக் கப்பலிலும் விமானத்திலும் வந்த காலத்துக் காரணம். இன்றோ பரீக்ஷை கம்ப்யூட்டரில் நடக்கிறது. பெரிய நகரங்களில் வாரத்தில் பல நாள் நடக்கிறது. சில நாளுக்குள் நடக்கவிருக்கும் பரீக்ஷைக்கும் பணம் வாங்கிக்கொண்டு இடம் கொடுக்கிறார்கள். வாங்குவதற்கு மூன்று நாள் அவகாசம் போதும். திருப்பிக் கொடுப்பதற்கு முப்பத்தைந்து நாள் வேண்டும். ஒருவர் விட்ட இடத்தை மற்றொருவருக்கு விற்று, இருவரிடமும் பணம் பெறுவதற்கு வியாபார தர்மத்தில் என்ன பெயர் என்பதை வாசகர்களே சொல்லட்டும்.

திருவண்ணாமலைக்காரருக்கு இவ்விதி மற்றவரைக் காட்டிலும் கடுமையாக உறைக்கிறது. இங்கிருந்து சென்னைக்குச் சுமார் 190 கிலோமீட்டர். நெடுநாள் கோரிக்கைக்குப் பிறகு 2024-ம் வருஷம் மே மாதத்தில் சென்னைக் கடற்கரை நிலையத்துக்கு ஐம்பது ரூபாய்க் கட்டணத்தில் ஒரு ரயில் கிடைத்தது. விடியற்காலை நான்கு மணியளவில் புறப்பட்டுப் பட்டணம் சேர ஏறத்தாழப் பத்து மணி ஆகும்படி அதை ஏற்பாடு செய்தார்கள். காலைப் பரீக்ஷைக்கு அது உதவாது. ஆகவே முதல் நாளே சென்று தங்கவேண்டும். தங்கும் செலவு தனி. பஸ்ஸில் போகலாமென்றால் பௌர்ணமி குறுக்கே நிற்கும். மாதந்தோறும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் வர லக்ஷக்கணக்கான ஜனங்கள் வந்து போகும் அந்த இரண்டு நாளில், ஊருக்குள் வருவதும் ஊரைவிட்டுப் போவதும் எளிதன்று என்பதை இங்குள்ள குழந்தையும் அறியும். கார்த்திகை தீபத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கம்பெனியாரின் விலக்குப் பட்டியலில் பௌர்ணமி இல்லை. சேர்க்கவேண்டும் என்று நாம் கேட்கவும் இல்லை. முன்னரே பஞ்சாங்கம் பார்த்துத் தேதி எடுப்பது விண்ணப்பதாரர் பொறுப்பே.

ஆனால் பஞ்சாங்கத்தில் இல்லாத நாட்களும் வருகின்றன. 2024-ம் வருஷம் டிசம்பர் முதல் தேதியை இவ்வூர் மறக்காது. ஃபெஞ்சல் புயல் கரை கடந்த மறுநாள் மலை சரிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் விழுந்து ஏழு உயிர்கள் போயின. அவர்களில் ஐவர் குழந்தைகள். தென்பெண்ணையில் வெள்ளம் வந்து, அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே திறந்து சில மாதமே ஆன பாலத்தை அடித்துக்கொண்டு போயிற்று. விழுப்புரத்தருகே ரயில் போக்குவரத்தும் தடைப்பட்டது. அந்த வாரத்தில் சென்னையிலோ பிற நகரிலோ பரீக்ஷைக்குத் தேதி பெற்றிருந்த ஒரு தண்டராம்பட்டு மாணவியை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பரீக்ஷை நிலையம் திறந்திருந்தால் கம்பெனியின் கடமை முடிந்தது. நிலையமே மூடப்பட்டால் வேறு தேதியோ பணமோ தருவார்கள். நிலையம் திறந்திருக்க, விண்ணப்பதாரரின் ஊர்ப் பாலம் போய்விட்டால்? அவளுக்கு நோயில்லை, வீட்டில் சாவில்லை, ராணுவ சேவையும் இல்லை. ‘பெருந்துன்பம்’ என்ற ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு கெஞ்சவேண்டும். பாலம் போயிற்று என்பதற்கு யாரிடம் சர்டிபிகேட் பெறுவது? பொதுப்பணித் துறையாரிடமா, தென்பெண்ணையாற்றினிடமா?

இன்னொரு வலை நம் பெயரிலேயே இருக்கிறது. தமிழருக்குக் குலப்பெயர் இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. பாஸ்போர்ட்டிலோ அவ்வெழுத்தை விரித்து, குடும்பப் பெயர் என்றும் இடுபெயர் என்றும் இரண்டு கட்டங்களில் பிரித்து எழுதுகிறார்கள். விண்ணப்பத்தில் பெயரும் எண்ணும் பாஸ்போர்ட்டில் உள்ளவாறே இருக்கவேண்டும். பரீக்ஷை நாளில் அதே பாஸ்போர்ட்டை மூலமாகவே காட்டவேண்டும். மாறுபாடு இருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பலாம். அனுப்பினால் கட்டணம் திரும்பாது. பட்டச் சான்றிதழில் உள்ளபடி தலைப்பெழுத்தோடு எழுதிவிட்டுத் தவிக்கும் இளைஞன் செய்த குற்றம், தமிழ்நாட்டில் தமிழ்ப் பெயரோடு பிறந்ததுதான்.

இவையனைத்தையும் முன்னரே படித்துத் தெரிந்துகொண்டு கையெழுத்திட வேண்டியதுதானே என்று கேட்கலாம். கையெழுத்து எங்கே இடுகிறார்கள்? கம்ப்யூட்டர்த் திரையில் ஒரு சிறு சதுரத்தைத் தொட்டால் ஒப்பந்தம் முடிந்தது. அந்நிபந்தனைகள் முழுவதும் நீண்ட ஆங்கிலத்தில், அதுவும் வக்கீல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. தமிழில் நாம் கண்டதில்லை. ஆங்கிலம் தெரியுமா என்று சோதிக்கப்போகிறவனை, மிகக் கடினமான ஆங்கிலத்தைப் பணம் கட்டுமுன்பே பிழையறப் புரிந்துகொண்டதாக வைத்துக்கொள்கிறார்கள். அதைப் புரிந்துகொண்டவனுக்குப் பரீக்ஷை வைக்காமலே ஒன்பது கொடுத்துவிடலாம். ஒப்பந்தம் என்றால் பேரம் பேச இரு தரப்பாருக்கும் இடம் வேண்டும். இங்கே ஒரு வரியை மாற்றவும் விண்ணப்பதாரருக்கு வழியில்லை; வேண்டாமென்றால் வெளிநாட்டுப் படிப்பையே விட்டுவிட வேண்டியதுதான்.

தேசிய இயக்கத்தின் சரித்திரம் அறிந்தவர்களுக்கு இக்கதை புதிதன்று. சிவில் சர்வீஸ் பரீக்ஷையை 1855 முதல் லண்டனில் மட்டுமே நடத்தினார்கள். கடல் கடந்து, பணத்தை இறைத்து, அங்கே போய் எழுதத்தக்க இந்தியர் எத்தனை பேர்? 1863-ல் சத்யேந்திரநாத் தாகூர் முதன்முதல் தேறினார். பிறகு வயது வரம்பை 21-லிருந்து 19-ஆகக் குறைத்தார்கள். அதை எதிர்த்து சுரேந்திரநாத் பானர்ஜி 1877-ல் ஊர் ஊராகச் சென்று பேசினார். 1885-ல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸே, இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஏககாலத்தில் பரீக்ஷை வேண்டும் என்று தீர்மானித்தது. 1893-ல் பார்லிமெண்டின் காமன்ஸ் சபையும் அதை ஏற்றுத் தீர்மானம் செய்தது. சர்க்கார் அதைக் கிடப்பில் போட்டார்கள். 1922-ல்தான் அலகாபாத்தில் அப்பரீக்ஷை நடந்தது. பரீக்ஷை எங்கே, எவ்வளவு செலவில், எந்த நிபந்தனையில் என்பதைத் தீர்மானிப்பவனே யார் உள்ளே வரலாம் என்பதையும் தீர்மானிக்கிறான் என்பதை நம் முன்னோர் அப்பொழுதே கண்டுகொண்டார்கள். அந்த சிவில் சர்வீஸுக்கு வாரிசாக இன்று டில்லியில் யூனியன் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் நடத்தும் பரீக்ஷைக்குக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? நூறு ரூபாய். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் அதுவும் இல்லை.

இன்னும் கேளுங்கள். ரயில்வே ஆள்சேர்ப்பு போர்டார் 2018-ல் ஐந்நூறு ரூபாய் கட்டணம் வாங்கி, பரீக்ஷைக்கு வந்து எழுதியவர்களுக்கு அதில் நானூறைத் திருப்பித் தருவதாக விதி செய்தார்கள். 2015-ம் வருஷத்து ரயில்வே விதிப்படி, ரயில் புறப்படப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன் வரை டிக்கெட்டை ரத்து செய்தவனுக்குக் கால் பங்குதான் பிடித்தம். நான்கு மணிக்கு முன் வரை பாதி. ஓடும் ரயிலில் காலியாகும் படுக்கையை மறுநாள் விற்கமுடியாது. அப்படியிருந்தும் ரயில்வேக்கு மணிக் கணக்கில் அவகாசம் போதுமாயிருந்தது. சர்வகலாசாலைகளின் கட்டணத்துக்கு யூ.ஜி.சி. 2018-ல் படிக்கட்டு முறை வகுத்தது: சேர்க்கைக் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் முன்பென்றால் ஒரு சிறு கழிவு நீங்க முழுவதும், பிறகு தொண்ணூறு, எண்பது, ஐம்பது என்று இறங்கி, கடைசித் தேதிக்கு முப்பது நாளுக்குப் பின்னரே ஒன்றுமில்லை. நம் நாட்டுக் காலேஜை இவ்விதி கட்டுப்படுத்துகிறது. அந்தக் காலேஜிலிருந்து வெளிவரும் மாணாக்கனை எதிர்கொண்டு வாங்கும் அந்நியப் பரீக்ஷைக் கம்பெனியைக் கட்டுப்படுத்த ஒரு விதியும் இல்லை.

2021-ல் நடந்த ஒரு வியாபாரத்தைப் பொதுஜனங்கள் போதிய அளவு கவனித்தார்களா என்பது சந்தேகம். அதுவரை இந்தியாவில் ஐ.இ.எல்.டி.எஸ்.ஸை பிரிட்டிஷ் கவுன்சிலும் ஐ.டி.பி.யும் தனித்தனியே நடத்தி வந்தன. அவ்வருஷம் பிரிட்டிஷ் கவுன்சில் தன் இந்தியப் பங்கை 13 கோடி பவுனுக்கு ஐ.டி.பி.க்கு விற்றுவிட்டது. ஐ.டி.பி. ஆஸ்திரேலியப் பங்கு மார்க்கெட்டில் 2015 முதல் விலை கூறப்படும் கம்பெனி. ஆக, நமது இளைஞர்களைப் பரீக்ஷை செய்யும் உரிமை ஒரு சொத்தாக மதிப்பிடப்பட்டு, இரண்டு அந்நியர்களுக்குள் கைமாறியது. விற்றவர் யார், வாங்கியவர் யார் என்பது தெரிகிறது. விற்கப்பட்டது யாருடைய சட்டைப்பை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இருவர் நடத்தியபோது ஒருவரிடம் சலுகை இல்லையென்றால் மற்றவரிடம் போகலாமென்ற பெயரளவுச் சுதந்திரமாவது இருந்தது.

இத்தனை பணம் கொடுத்துத் தேறினவனுக்காவது நிம்மதி உண்டா? ஈ.டி.எஸ். ஸ்தாபனத்தார் நடத்திய டோயிக் என்ற ஆங்கிலப் பரீக்ஷையில் மோசடி நடப்பதை 2014-ல் பி.பி.ஸி. வெளிப்படுத்தியது. மோசடிக்காரர் இருந்தார்கள், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இங்கிலாந்தில் 2011 முதல் எழுதப்பட்ட 58,000க்கு மேற்பட்ட பரீக்ஷைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சந்தேகத்துக்குரியவை என்று அந்த ஸ்தாபனமே கணக்குக் கொடுத்தது. அதை நம்பி உள்நாட்டு இலாகா ஆயிரக்கணக்கான அந்நிய மாணாக்கரின் விசாவைப் பறித்தது. குற்றமற்றவர் பலர் வருஷக்கணக்கில் கோர்ட்டுகளில் அலைந்தார்கள். பரீக்ஷைக் கம்பெனியின் தவறு பரீக்ஷை எழுதியவன் தலையிலேயே விடிந்தது.

பிரிட்டிஷ் சர்க்கார் ஆங்கிலம் பெரும்பான்மையாகப் பேசும் நாடுகளென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள்; அந்நாட்டுப் பிரஜைகளுக்குப் பரீக்ஷை வேண்டியதில்லை. ஜமெய்க்கா உண்டு, கயானா உண்டு, மால்டாவும் உண்டு. இந்தியா இல்லை. மெக்காலே 1835-ல் எழுதிய குறிப்பின் பலனாக நம்மீது சுமத்தப்பட்ட பாஷையை, இருபது வருஷம் ஆங்கிலத்திலேயே படித்துப் பட்டம் பெற்ற பின்பும், உனக்குத் தெரியுமா என்று கேட்கிறார்கள். கேட்பதற்குக் கூலியும் நம்மிடமே. பட்டியல் அவர்கள் உரிமை. அதில் நாம் தலையிட முடியாது. நம் மண்ணில் நடக்கும் வியாபாரத்தின் விதிகளில் தலையிட நமக்கு உரிமையுண்டு.

கம்பெனியார் தரப்பில் கூறத்தக்கதையும் கூறிவிடுவோம். நிலையங்களுக்கு வாடகை, கம்ப்யூட்டர், பேச்சுப் பரீக்ஷைக்கு நேரில் அமரும் பரீக்ஷகர், மோசடி தடுக்கும் ஏற்பாடு எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. எப்பொழுது வேண்டுமானாலும் முழுப் பணத்தையும் தருவதென்றால், ஒருவரே பத்துத் தேதிகளைப் பிடித்து வைத்துக்கொண்டு கடைசியில் ஒன்பதை உதறிவிடுவர். ஆகவே ஏதேனும் பிடித்தம் இருப்பது நியாயம். அது அவர்களுக்கு உண்டான நஷ்டத்துக்கு ஏற்றதாக இருக்கவேண்டும் என்பதே நமது வாதம். இது நமது சொந்த தர்மசாஸ்திரம் அன்று. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவு, ஒப்பந்தத்தில் எத்தொகை குறித்திருந்தாலும் நியாயமான நஷ்டஈடே உரியது என்கிறது. பலமுள்ளவன் பலமற்றவனிடம் பேரத்துக்கு இடமின்றி எழுதி வாங்கும் அநியாய நிபந்தனை செல்லாது என்று 1986-ல் ஒரு நதிப் போக்குவரத்துக் கார்ப்பொரேஷன் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘அநியாய ஒப்பந்தம்’ என்பதற்குத் தனி இலக்கணமே வகுத்து, அவ்வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தை மாகாணக் கமிஷனுக்கும் தேசியக் கமிஷனுக்கும் அளித்திருக்கிறது.

ஓர் இடையூறு உண்டு. அதை மறைப்பது முறையாகாது. பரீக்ஷை நடத்தும் போர்டு சேவை விற்கும் வியாபாரி அன்று, எழுதுகிற மாணாக்கன் வாடிக்கைக்காரனும் அன்று என்று பீகார் பள்ளிப் பரீக்ஷை போர்டு வழக்கில் 2009-ல் சுப்ரீம் கோர்ட்டார் கூறினர். கம்பெனி வக்கீல்கள் முதலில் எடுப்பது இத்தீர்ப்பாகவே இருக்கும். ஆனால் அந்த போர்டு சட்டத்தால் ஏற்பட்டு, சட்டக் கடமையைச் செய்வது. லாபம் பங்கிட்டுக் கொடுக்கும் அந்நியக் கம்பெனி எந்தச் சட்டசபையின் கட்டளையால் நம் பிள்ளைகளைப் பரீக்ஷிக்கிறது? இவ்வேறுபாட்டை நியாயஸ்தலத்தில் நன்கு வாதிக்க வல்ல வக்கீல்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இக்காரியத்தை ஊதியம் கருதாமல் அவர்களில் ஒருவர் எடுத்துக்கொள்ளலாகாதா?

நாம் கேட்பது அதிகமன்று. பதினைந்து நாளுக்கு முன் ரத்து செய்பவருக்கு, உண்மையான அலுவலகச் செலவு மட்டும் கழித்து மீதி திரும்பவேண்டும். விட்ட இடம் வேறொருவருக்கு விற்கப்பட்டால், எத்தனை நாள் முன்பென்ற கணக்கே இல்லாமல் பெரும்பகுதி திரும்பவேண்டும். சர்க்கார் பேரிடர் என்று அறிவித்த ஜில்லாவில் வசிப்பவருக்கு, கட்டணமின்றித் தேதி மாற்றம் தானாகவே கிடைக்கவேண்டும். சான்று கேட்டு அலைக்கழிக்கலாகாது. நிபந்தனைகள் தமிழிலும் பிற தேச பாஷைகளிலும், பணம் கட்டும் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில் வரவேண்டும். தலைப்பெழுத்து விஷயத்தில் ஒரு தெளிவான விதி வேண்டும். டில்லி சர்க்கார் இக்கட்டணங்களின் மேல் வரி வாங்கிக்கொள்வதால், இவ்வியாபாரம் தமக்குத் தெரியாதென்று சொல்வதற்கில்லை. நீண்டகால நோக்கில், ஹைதராபாத்தில் 1958 முதல் ஆங்கில போதனைக்கென்றே நடக்கும் நம் நாட்டு ஸ்தாபனம் போன்றவை நடத்தும் பரீக்ஷையை அந்நிய நாடுகள் ஏற்கும்படி வியாபார உடன்படிக்கைகளில் பேசவேண்டும். நமது மாணாக்கர் கொண்டுபோகும் கட்டணத்தை எதிர்பார்த்திருக்கும் அந்நியச் சர்வகலாசாலைகள் பல. பேச நமக்குப் பலம் இல்லாமலில்லை.

இதெல்லாம் நடக்கும் வரையில் இந்த ஜில்லா இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பணம் கட்டுமுன் அன்றைய நிபந்தனையை முழுதும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், விதிகள் மாறக்கூடியவை. பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பெயரை எழுதுங்கள். இடைத்தரகர் தம் பெயரிலுள்ள கார்டால் கட்டித் தருவதாகச் சொன்னால் இணங்காதீர்கள். திரும்பும் பணம் கட்டிய கணக்குக்கே போகும். பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் எட்டிய தேதியாகப் பாருங்கள். பணம் அநியாயமாக மறுக்கப்பட்டால், லண்டனுக்கோ ஸிட்னிக்கோ டில்லிக்கோ ஓடவேண்டியதில்லை; 2019-ம் வருஷத்துச் சட்டப்படி, முறையிடுபவர் வசிக்கும் ஊரிலுள்ள ஜில்லா நுகர்வோர் கமிஷனிலேயே பிராது கொடுக்கலாம். ஐந்து லக்ஷம் ரூபாய் வரை கொடுத்த விஷயங்களுக்குக் கோர்ட்டுக் கட்டணம் கிடையாது. ரசீது, நிபந்தனையின் அச்சுப் பிரதி, கம்பெனியின் மறுப்புக் கடிதம் இம்மூன்றும் கையிலிருக்கட்டும். அவற்றின் நகல்களோடு விவரம் எழுதியனுப்பும் வாசகர்களின் கடிதங்களை, எழுதியவர் பெயரை வெளியிடாமல், இப்பக்கத்தில் தொடர்ந்து பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.